ப்ளீஸ் இக்னோர்

இன்று எனக்கு இருந்த ஒரே வேலை, திருவொற்றியூர் மார்க்கெட்டில் அரை கிலோ சங்கரா மீன் வாங்கி வருவது.

இடுப்பில் பாப்பா, கையில் பை. வீட்டுக்காரர் எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரியான பயந்தாங்கொள்ளி. எண்ணூரில் ஒருமுறை கேஸ் கசிந்ததிலிருந்து, லேசாக ஏதாவது வாடை வந்தால் போதும், ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாப்பா மூக்குக்கு ஈரத்துண்டு தேடுவேன். பாதி நாள் அது பக்கத்து வீட்டுக் கருவாடு.

மீன் விற்கும் கன்னியம்மா அக்கா தராசைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மார்க்கெட்டில் இருந்த அத்தனை போனும் ஒன்றாக அலறின!

ஐஸ் பெட்டி மேலிருந்து ஒன்று. அக்காவின் சுருக்குப் பைக்குள்ளிருந்து ஒன்று.

"இன்னாடி இது, பேய் மாதிரி கத்துது!"

"சுனாமிடோய்!"

"எடுக்காத! எடுத்தா பேங்க்ல கீற துட்டெல்லாம் பூடும்!"

அக்கா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஜெனி, நீ கான்வென்ட்ல படிச்ச பொண்ணாச்சே. இன்னா போட்டுக்கீது, சொல்லு."

'எமர்ஜென்சி' என்று பார்த்ததுமே பாப்பாவின் மூக்கைப் பொத்தினேன். நல்லவேளை, கடைசிவரை படித்தேன். கவர்மென்ட் அனுப்பிய வெறும் சோதனை மெசேஜ்தான். ப்ளீஸ் இக்னோர் என்று முடித்திருந்தார்கள்.

பதற்றத்தில் ஒரு தமிழ் வார்த்தை வாயில் வரவில்லை. பாப்பாவின் அழுகைக்கும் மேலே, சிஸ்டர் சொல்லித்தந்த அதே உச்சரிப்பில் கத்தினேன்: "ப்ளீஸ் இக்னோர்! எவ்ரிபடி, இக்னோர்!"

கடமை முடிந்தது. மீனை வெட்டக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டின் அந்தக் கோடியில் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கடைகளின் ஷட்டர் சடசடவென்று இறங்கியது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தெருவில் நின்று கத்தினார்: "எண்ணூர் பக்கம் யாரும் போவாதீங்க! கேஸ் லீக்காயிட்ச்சாம்!"

எனக்கு உயிரே போய்விட்டது. "அண்ணா, யார் சொன்னாங்க?"

"கவர்மென்ட் மெசேஜும்மா. நல்லா படிச்ச பொண்ணு ஒண்ணு படிச்சி சொல்லிச்சாம்."

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை. லாக்கர் ஞாபகமே வரவில்லை. பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். அப்புறம் ஈரத்துண்டு ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரே தண்ணீர், மீன் கழுவிய பக்கெட். துண்டை அதில் முக்கிப் பாப்பா முகத்தில் போட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அதை ருசித்துப் பார்த்தாள்.

கன்னியம்மா அக்கா கூடையோடு ஓடிவந்தார். "இன்னும் இங்கியே நிக்கிற! எல்லாரும் எண்ணூரு, எண்ணூருன்னு நீ கத்தினதாலதானே நாங்க ஓடுறோம்!"

"நானா? எப்பக்கா?"

"எவ்ரிபடி எண்ணூருன்னியே!"

"ஐயோ அக்கா, அது எண்ணூர் இல்ல, இக்னோர்! அப்படின்னா விட்டுடுங்கன்னு அர்த்தம்!"

அக்கா திரும்பிக் குரல் கொடுத்தார். "எண்ணூர வுட்டுடணுமாம்டோய்!"

கூட்டம் இன்னும் வேகமெடுத்தது.

"வெறும் டெஸ்ட்தான், ஒண்ணுமில்ல!" என்று பின்னாலேயே ஓடினேன்.

"ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது சங்கு ஊதுவானா?" என்றார் ஒருவர். ஆட்டோக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "மேலேர்ந்து போன் வந்திருக்கும். அதான் பொண்ணு பேச்ச மாத்துது."

மதியம் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"இன்னா ஜெனி, இத்தினி மிஸ்டு கால்? நான் டீ குடிச்சினு கீறேன். இங்க ஒண்ணுமில்ல. உங்க பக்கம்தான் எவளோ கொளுத்திப் போட்டுட்டாளாம். யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சரி வுடு. நீ கண்டுக்காத."

கண்டுக்காத!

இப்போது பாப்பா தூங்குகிறாள். எத்தனை சோப்பு போட்டும் அந்த மீன் வாடை போகவில்லை. வெட்டக் கொடுத்த சங்கரா அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஒரு வார்த்தை மட்டும் காலையில் என் வாயில் வந்திருந்தால், இன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம் இல்லை, மீன் குழம்பு.