குளிர் அறைக்குள் கண்டுபிடித்த வேலைவாய்ப்பு

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் உரியவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். மனசளவில் வீடு இரண்டு கட்சியாகக் கிடக்கிறது. அங்கே தாங்களும் அக்காவும் ஒரே கட்சியில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் தங்கள் தங்கை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் சின்னவளைப் பற்றியது. வேளாண் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாதக் கடைசிக்குள் சேர்க்கைப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். முதலில் தங்கள் தங்கை சரி என்றாள். நான் குதித்தேன். "ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பொண்ணு மண்வெட்டி தூக்கவா?" என்று கேட்டேன். மறுநாளே அவள், "நீங்க சொல்றதுதான் சரி, வேண்டவே வேண்டாம்" என்று கட்சி மாறிவிட்டாள். அவளே வேண்டாம் என்கிறாள் என்றால் இதில் ஏதோ நல்லது இருக்க வேண்டுமே என்று எனக்கு அப்போதே பட்டது. சரி, பார்த்துவிடலாம் என்று சின்னவளோடு கல்லூரிக் கண்காட்சிக்குப் போனேன்.

அங்கே ஒரு நிறுவனத்தார் தக்காளியைக் கெடாமல் வைக்கும் குளிர் அறை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். நம்ம தொழிலாச்சே, கை சும்மா இருக்குமா மச்சான்? கருவிப் பையோடு உள்ளே நுழைந்தேன். குளிர் போதவில்லை என்று தோன்றியது, குளிரைக் கூட்டும் திருகை நன்றாகவே திருப்பிவிட்டேன். கதவுப் பக்கம் சிவப்பாக ஒரு கொக்கி இருந்தது, பையை அதில் மாட்டினேன். கதவு சாத்திக்கொண்டது. தள்ளினேன், உதைத்தேன், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். வெளியிலிருந்து ஒரு பெண் குரல், "ஐயா, உள்ள செவப்பா ஒரு பிடி இருக்கும், அதத் தள்ளுங்க, கதவு தெறந்துக்கும்!" என்றது. "பிடியெல்லாம் இல்லம்மா, பை மாட்டுற கொக்கிதான் இருக்கு!" என்று நான் கத்தினேன். பையின் வார் பூட்டில் வேறு சிக்கிக்கொண்டதால் அவர்கள் கதவையே கழற்றித்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான் அறையை வடிவமைத்த வேளாண் பொறியாளர். நம்ம சின்னவளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். நான் மாட்டிக்கொண்டதற்கு அவள் திட்டவில்லை, திருகைத் திருப்பியதற்குத்தான் திட்டினாள். "இவ்ளோ குளிர் வச்சா தக்காளி வீணாப்போயிடும்யா. பறிச்ச பிறகும் அது மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். பல் தந்தியடிக்க நான் கேட்ட ஒரே கேள்வி, "ஏம்மா, இதுல வேலை கிடைக்குமா?"

கிடைக்குமாவா! டிராக்டர் வடிவமைக்க ஆள் வேண்டுமாம், அறுவடை இயந்திரத்துக்கு ஆள் வேண்டுமாம், சொட்டுநீர்க் குழாய் எங்கே போகணும்னு கணக்குப் போட ஒருத்தர், மருந்து தெளிக்கிற ட்ரோனைப் பறக்கவிட ஒருத்தர், மழைத் தண்ணி மண்ணை அரிச்சுட்டுப் போகாம தடுப்பணை கட்ட ஒருத்தர், தானியக் கிடங்கு, பழச்சாறு ஆலை, அரசாங்க வேலை, விவசாயக் கடன் கொடுக்கிற வங்கியில வேலை, எதுவும் பிடிக்கலைன்னா சொந்தமா பட்டறை, மச்சான், சாப்பிடறதை ஜனங்க நிறுத்தினால்தானே இந்த வேலை நிற்கும்! எனக்கு இருபது வயசு குறைந்திருந்தால் அங்கேயே சேர்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் தங்கள் தங்கை, "வெயில்ல நின்னு கறுத்துப்போவா, எவன் கட்டிக்குவான்?" என்கிறாள். செய்து காட்டினால் புரியும் என்று பால்கனித் தொட்டிகளுக்கு நானே சொட்டுநீர்க் குழாய் போட்டேன். தண்ணீர் செடிக்குப் போகாமல், தரை விரிசல் வழியாகக் கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தவர் மேலே சொட்டியது. பாவம், டாக்டர் சொல்லும் முன்பே அவர் கொப்பளித்துவிட்டார். சண்டைக்கு வந்த டாக்டரிடமும் வேளாண் பொறியியலின் எதிர்காலத்தை விளக்கினேன். தப்பித்தால் போதும் என்று இறங்கிப் போனார்.

மச்சான், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தங்கள் தங்கை தட்டமாட்டாள். "புள்ள ஆசைப்பட்டதைப் படிக்கட்டும்" என்று அவளுக்கு ஒரு போன் போடுங்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவளை நான் ஜெயிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி, அக்காவுக்கு வணக்கம், தங்கள் முழங்கால் வலிக்கு என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான், உங்கள் தங்கை. ரகசியக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையைத் துவைக்கப் போட்டிருக்கிறார் உங்கள் மாப்பிள்ளை. இதையும் எழுதி, உறையை ஒட்டிப் பழையபடி வைத்துவிடுகிறேன். தயவுசெய்து போன் செய்துவிடாதீர்கள். நான் சரி என்றால் அவர் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால்தான் சரி என்பார். கறுத்துப்போவாள் என்ற வசனத்தைச் சின்னவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், சிரிக்காமல் பேசுவதற்குள் உயிர் போய்விட்டது. நீங்களும் முடியவே முடியாது என்று அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள், கொஞ்சம் கடுமையாகவே இருக்கட்டும். கடைசி நாளன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னை ஜெயித்துவிட்ட முகத்தோடு படியேறி வருவார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அண்ணா இவ்வளவு பாடும்.