வயசு தெரியாத கட்டடம்

“யாரு இதுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது?” என்று நுழைவுக்கூடத்தில் நின்று கத்தினார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

“நீங்கதான். போன மாசம்,” என்றாள் மனைவி.

நாளைக்குத் தொன்மைக் கட்டடக் குழு வருகிறது. பழமையான கட்டடம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், இதை இடித்துப் புதிதாகக் கட்டத் துடிக்கும் பில்டர் வாலைச் சுருட்டிக்கொள்வார். இல்லையென்றால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்யாணமான கையோடு குடிவந்த வீடு. விட்டுப் போவதை நினைத்தாலே செயலாளருக்கு அழுகை வந்தது. கட்டடமோ நேற்றுப் பிறந்ததுபோல் பளபளத்தது.

“சுரண்டிடறேன்,” என்று சமையலறைக் கரண்டியோடு இறங்கினார். பெயிண்ட்டோடு பூச்சும் பொலபொலவென்று கொட்டி, செங்கல் பல்லிளித்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் நின்றது. தோள்பையும் சின்னச் சுத்தியலுமாக ஒருவர் இறங்கினார்.

“ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாரே!”

“யாரு, என்னன்னு முதல்ல கேளுங்க.”

“சுத்தியலைப் பார்த்தாலே தெரியல? நீ சும்மா இரு.”

வந்தவர் செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். “எத்தனை வருஷம் இருக்கும்?”

“கொறஞ்சது நூறு சார்! நூத்திப்பத்துகூட இருக்கும்.” உண்மையில் அறுபதைத் தாண்டாது.

வந்தவரின் புருவம் உயர்ந்தது. செயலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரைச் சுழல்படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ஏறிப் பாருங்க சார், ஒவ்வொரு படியும் ஆடும். இப்போ கட்டுற வீட்டுல இந்த ஆட்டம் கிடைக்குமா?”

“கிடைக்காது,” என்று ஒப்புக்கொண்டு அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்து பால்கனி. “இந்த விரிசல் நாங்க வந்தப்போ மயிரிழை. இப்போ என் கையே போகும்!” கையை விட்டும் காட்டினார். பூவேலைப்பாடு செய்த இரும்புக் கம்பியை ஆட்டினார். அது கையோடு வந்துவிட்டது.

“அசல் துரு சார்!”

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு ஒளிவுமறைவில்லாமச் சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்ல,” என்று கை குலுக்கினார் வந்தவர். “இன்னிக்கே முடிச்சுடலாம்.”

செயலாளர் கையோடு வந்த கம்பியை வெற்றிக்கொடிபோல் உயர்த்தினார். “பார்த்தியா? இனி நம்ம வீட்டு மேல ஒருத்தன் கை வைக்க முடியாது!” என்றார் மனைவியிடம்.

அதற்குள் ஜீப் டிரைவர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நின்றார்.

“சார், ‘அபாயம், உடனே இடிக்கவும் - மாநகராட்சி’னு எந்தத் தூண்ல எழுதட்டும்?”