பெரிய மாமாவும் பிரையாரிட்டி க்யூவும்

புதிதாக மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தவர் வீட்டில் இருந்தால், மற்றவர்கள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. கண்ணில் பட்டதையெல்லாம் புரோகிராம் ஆக்கத் துடிக்கும் காலம் அது. எனக்கு அந்த நோய் முற்றியிருந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் சங்கரன்கோவில் வீட்டில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குலதெய்வம். அடுத்து தாய்மாமன். இரண்டு மாமன்கள் இருந்தால் மூத்தவருக்கு வைத்த பிறகே இளையவர். இதில் முன்னே பின்னே ஆனால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள். அப்பா நாலு நாளாகத் தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியோடு 'பிரையாரிட்டி க்யூ' என்றொரு சமாசாரம் தயாராகவே வரும். ஆட்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும், எடுக்கும்போது மிக முக்கியமானவரை முதலில் தரும். அவரை எடுத்துவிட்டால் அடுத்த முக்கியமானவர். நான் குலதெய்வத்துக்கு ஒன்று, ராயகிரி பெரிய மாமாவுக்கு இரண்டு, இளையரசனேந்தல் சின்ன மாமாவுக்கு மூன்று என்று வரிசையாக எண் கொடுத்து, ஆட்களை மட்டும் ஞாபகம் வந்தபடி உள்ளே போட்டேன். (சாமிக்கே நம்பர் போட்டவள் நான்.)

அதிலிருந்து ஒவ்வொருவராக வெளியே எடுத்திருக்க வேண்டும். நானோ, உள்ளே இருப்பதை மொத்தமாகத் திரையில் காட்டு என்றேன். அப்படிக் கேட்டால் முதல் ஆள் மட்டும்தான் சரியாக வருவார். மற்றவர்கள் உள்ளே எப்படிக் கிடக்கிறார்களோ அப்படியே வந்து நிற்பார்கள். கூட வரும் விளக்கக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. (அதை யார் படித்தார்கள்?) முதல் வரியில் குலதெய்வத்தைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. மேற்கொண்டு பார்க்காமல் அப்பாவின் போனுக்கு அனுப்பினேன்.

கோயிலில் பத்திரிகை வைத்துவிட்டு அப்பா கூப்பிட்டார்.

"ஏட்டி, அடுத்து இளையரசனேந்தல்னு போட்டிருக்கு. ராயகிரிக்குல்லா மொதல்ல போணும்?"

"தூரத்தையெல்லாம் பாத்துத்தாம்பா போட்டிருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். தூரத்தைப் பற்றி அதனிடம் ஒரு வார்த்தைகூட நான் சொல்லியிருக்கவில்லை. அம்மா ஏதோ சொல்ல வந்தாளாம். பெரிய கம்பெனியில் இருப்பவள் தெரியாமலா சொல்வாள் என்று அப்பா அடக்கிவிட்டாராம்.

சின்ன மாமா பத்திரிகையை வாங்கிய கையோடு போட்டோ எடுத்து, 'மருமகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை நமக்குத்தான்' என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். கார் திரும்பி எங்கள் ஊரையே தாண்டி ராயகிரி போய்ச் சேர்ந்தபோது, பெரிய மாமா வீட்டிலும் இல்லை, அவருடைய உரக்கடையிலும் இல்லை. அத்தை தண்ணீர் மட்டும் கொடுத்தாள். பத்திரிகையை அவர் வந்துதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். காதுகுத்தில் நான் ஊரைக் கூட்டிக் கத்தியபோது மடியில் வைத்திருந்தவர் பெரிய மாமா. அவர் கையால் மாலை வாங்காமல் மணமேடை ஏற என்னால் முடியாது. மறுநாள் காலையில் பஸ் பிடித்து ராயகிரிக்குப் போனேன்.

மாமா உரமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒன் கம்ப்யூட்டர்ல நான் எத்தனாவது ஆளு?"

"ரெண்டு மாமா. சாமிக்கு அடுத்து நீங்கதான்."

முகம் லேசாக இளகியது. "பெறவு ஏன் எங்கிட்ட மூணாவதா வந்தாவ?"

"உள்ள ரெண்டாவதாத்தான் இருந்திய மாமா. நான் முறையா வெளிய எடுக்கல. சும்மா பாத்து எழுதிட்டேன்."

"அப்பம் மொதல்லேர்ந்து எடு" என்றார். "தம்பிக்கு வச்சதத் திருப்பி வாங்குங்க. எனக்கு வைங்க. பெறவு அவனுக்கு வைங்க."

அப்படியே செய்தோம். அப்பாவும் அம்மாவும் இளையரசனேந்தல் போய், வைத்த பத்திரிகையைத் தாம்பாளத்தோடு திரும்ப வாங்கி, ராயகிரியில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பெரிய மாமாவுக்கு வைத்து, மறுபடியும் இளையரசனேந்தல் போனார்கள். சின்ன மாமா தங்கமானவர். இரண்டு தடவையும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார். வேறு யாரிடமாவது பத்திரிகையைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறதா என்று கார் ஓட்டியவர்தான் கேட்டாராம்.

கல்யாணத்தன்று பெரிய மாமா மாலையோடு வந்து நின்றபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அவரோ குனிந்து, "ஏட்டி, மாப்பிள்ளையையாவது முறையா எடுத்தியா, இல்ல சும்மா பாத்தியா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரயில் டிக்கெட் போட்டாலும் கேஸ் சிலிண்டர் பதிந்தாலும் என்னிடம் அந்தக் கேள்விதான்.

போன வருடம் ஒருநாள் காலையில் குளியலறையில் நின்று பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்ததும், கை தானாகப் பெரிய மாமாவுக்குப் போன் போட்டது. விஷயத்தைக் கேட்டவர், "எனக்கு முன்னால யாருட்டச் சொன்ன?" என்றார்.

"யாருட்டயும் சொல்லல மாமா. அவருக்கே இன்னும் தெரியாது."

பெருமை தாங்காமல் மாமா என் போனை வைத்த கையோடு என் கணவரை அழைத்து வாழ்த்திவிட்டார். பக்கத்து அறையில் இருந்த மனுஷனுக்குத் தான் அப்பாவாகப் போகும் செய்தி ராயகிரி உரக்கடையிலிருந்து வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் அவர் பரிமாறுகிறார்.