ரேணுவின் இமையில் ஒட்டிய கஞ்சி

முள்ளிப்பட்டு,
12-6-82

அன்பும் மரியாதையும் உள்ள பொன்னியம்மாள் அக்காவுக்கு, தங்கை செல்லி வணங்கி எழுதுவது. இங்கே ஒரு கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே மாமாவையும் உன் பிள்ளை சக்கரவர்த்தியையும் படவேட்டம்மா நன்றாக வைத்திருக்கட்டும்.

பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் கோபிக்காதே. திங்கட்கிழமை என் ரேணுவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் என்று தந்தி கொடுத்தேனே, அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. அழாமல் முழுசாகப் படி.

லீவுக்கு உன் வீட்டில் இருந்துவிட்டு வந்த நாலாம் நாள் குழந்தை வலது கண்ணைத் தேய்த்துகினே இருந்தாள். இமை சிவந்து, முடியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது அதன் அடியிலேயே ஓடி விளையாடுகிறவள் ஆயிற்றே, கஞ்சி தெறித்துக் காய்ந்திருக்கிறது என்று வெந்நீரில் துடைத்தேன். போகவில்லை. இவ்வளவு கெட்டியாகவா கஞ்சி காய்ச்சுவீங்க என்று தெருவோடு சண்டை வேறு போட்டேன். பக்கத்து வீட்டு ராஜம்மாள், "இது கண்கட்டிடி, நாமக்கட்டி உரைச்சுப் போடு, காலையில ஓடிப்பூடும்" என்றாள். போட்டேன், ஓடவில்லை. கம்பவுண்டர் மெட்ராஸ் ஐ என்றார், வீட்டில் மூன்று பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டிகினு என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து, பச்சை நூல் ஓட்ட வேண்டிய இடத்தில் நீலத்தை ஓட்டியது தனிப் பேஜார். கடைசியில் ஆரணி டாக்டர், "உள்ளே கட்டி இருக்கலாம், வேலூருக்குப் போய்க் கீறிப் பார்க்கணும்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. நாலு வயசுக் கண்ணில் கத்தியா?

நேற்று, எங்களுக்கு நெசவு கொடுக்கிற முதலாளி தனக்கோடி சேலை பார்க்க வந்தார். இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியைச் சேலைமேல் வைக்கப் போனவர், ரேணு தேய்ப்பதைப் பார்த்து, "இங்க வா கண்ணு" என்று அவள் இமைக்கு நேரே பிடித்தார்.

"ஏம்மா, கஞ்சின்னு தெருவோட சண்டை போட்டியாமே, கஞ்சிக்குக் கால் இருக்குமா?"

எட்டிப் பார்த்தேன். பேன்! இமைமுடியைக் கட்டிப் பிடித்துகினு படுத்திருக்கிறது. வெள்ளைப் பொடியெல்லாம் ஈர்.

"நீ இன்னா படிச்சிருக்கே?" என்றார் முதலாளி.

"பி.எஸ்ஸி., விலங்கியல்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துகினு சேலைப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஜல்தியாக அதே ஆரணி டாக்டரிடம் ஓடினோம். அவருக்கே சிரிப்பு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, இமையில் தடவ ஒரு களிம்பு கொடுத்தார். கத்தி கிடையாது! நேற்று ராத்திரிதான் குழந்தை கண்ணில் கை வைக்காமல் தூங்கினாள்.

ஒன்றே ஒன்று, தப்பாக நினைக்காதே. எங்கள் வீட்டில் யாருக்கும் பேன் கிடையாது, உனக்கே தெரியும். உன் வீட்டுத் தலையணை உறைகளையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போடு. மாமாவுடையதை முதலில்.

மாமாவுக்கு என் வணக்கம். சக்கரவர்த்திக்கு என் முத்தம், ஆனால் தூரத்திலிருந்து.

அன்புத் தங்கை,
செல்லியம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் கார்டு வந்தது. ரேணு கிளம்பிப் போனதிலிருந்து சக்கரவர்த்திக்குக் கண் அரிப்பு, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். இன்று மத்தியானம் ராஜம்மாள் என் தலையைப் பிரித்துப் பார்த்தாள். பதினொன்று வரைக்கும் எண்ணிவிட்டு, "போதும்டி, கழுத்து வலிக்குது" என்று எழுந்து போய்விட்டாள். மேலே தலையணை உறைப் பாராவை மாமாவுக்குப் படித்துக் காட்டாதே. பிள்ளை கண்ணை யாரையும் கீற விடாதே. புதன்கிழமை முதல் பஸ்ஸில் நானே களிம்போடு வருகிறேன். எனக்கு மட்டும் தனிப் பாய் போடு.