டெய்லர் பந்து பறித்த கதை

நாற்காலியின் கால் முறிந்தபோது முன்னறையில் இருந்தது டெய்லர், சட்டை மாட்டும் பொம்மை, ஒரு பந்து, ஆக மூன்றே பேர். பொம்மைக்குத் தலை கிடையாது. பந்துக்கு வாய் கிடையாது. பழியை டெய்லர்தான் ஏற்க வேண்டியிருந்தது.

வேறு எந்த நாற்காலியாக இருந்தாலும் பரவாயில்லை. இது அவர் மனைவியின் நாற்காலி. இருபது வருஷம் ஜன்னல் வெளிச்சத்தில் இதில் உட்கார்ந்துதான் அவள் பட்டன் தைத்தாள், காஜா எடுத்தாள், பேண்ட் விளிம்புகளை மடித்துக் கைத்தையல் போட்டாள். அவள் போய் ஏழு மாதமாகிறது. அந்த ஏழு மாதமும் டெய்லர் அதே நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் என்ன பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. மாடி வீட்டின் முன்னறைதான் கடை. மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. வாடிக்கையாளர்கள் முதல் மாதம் படியேறி வந்து பார்த்தார்கள், இரண்டாம் மாதம் கீழேயிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், மூன்றாம் மாதம் வேறு டெய்லரைப் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மாலை அவரைக் கிளப்பியது மகள் கொண்டுவந்த ஒரு நோட்டு.

மகளுக்குப் பதினான்கு வயது. ஒல்லியாக, நீளமாக இருப்பதால் அம்மா வைத்த செல்லப் பெயர் நூலு. பள்ளிக் கால்பந்து அணியில் அவள் சேர்ந்தபோது ஷூ வாங்கிக் கொடுத்தது அம்மாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அவ ஆட்டத்த மட்டும் நிறுத்திடாதீங்க" என்று அம்மா கேட்டதற்கு டெய்லர் தலையாட்டியிருந்தார். அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான். அதையும் இந்த ஏழு மாதத்தில் உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருந்தார்.

"கோச் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்தேன்பா" என்றாள் நூலு. இந்த வாரம் பந்து பறிக்கும் பயிற்சியாம். வீட்டில் ஒரு பெரியவர் எதிரே நின்று, முறைப்படி பத்துத் தடவை அவளிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டுமாம். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம். சனிக்கிழமை நாலு மணிக்கு அணித் தேர்வு, பயிற்சியை முடிக்காதவர்கள் அணியில் கிடையாது. கோல் கம்பத்துக்கு இரண்டு நாற்காலி. அதில் ஒன்று கண்டிப்பாக ஜன்னலோரத்து நாற்காலியாக இருக்க வேண்டுமாம்.

"நம்ம வீட்டு ஜன்னல் உங்க கோச்சுக்கு எப்படித் தெரியும்?" என்று டெய்லர் கேட்டார்.

"எல்லார் வீட்லயும் ஜன்னல் இருக்கும்லப்பா."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனாலும் வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கக் கூடாதா என்று இழுத்தார். வேறு யார் இருக்கிறார்கள் என்பது போல நூலு அவரைப் பார்த்தாள். டெய்லர் எழுந்தார். முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு சத்தம் போட்டன.

நோட்டில் பாடங்கள் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. நேருக்கு நேர் நிற்காமல் ஒரு தோளை முன்னே விட்டுச் சாய்வாக நில். முழங்காலை மடக்கு. உடம்பின் பாரம் முன்பாதத்தில் இருக்கட்டும். கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும், எதிராளியின் கால் எங்கே போனாலும் உனக்கென்ன. மூன்றாம் பாடத்தில், எதிரே நிற்கும் பெரியவர் பயிற்சிக்கு முன் சவரம் செய்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. டெய்லருக்குக் கோச்சின் மேல் மரியாதை உண்டாகிவிட்டது. இந்தக் காலத்தில் இவ்வளவு நுணுக்கமாக யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சவரம் செய்துகொண்டு களத்தில் இறங்கினார். திங்கட்கிழமை ஒன்றுகூடப் பறிக்கவில்லை. செவ்வாய், புதன், அதே கதை. நூலு இடதுபக்கம் போவதுபோல் தோளை ஆட்டிவிட்டு வலதுபக்கம் போனாள். டெய்லர் இடதுபக்கம் போய், கத்தரி மேஜையில் இடுப்பை இடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பந்தப் பாருங்கப்பா. ஏன் என் பேண்ட்டையே பாக்கறீங்க?"

பாராமல் என்ன செய்வது? முப்பது வருஷத் தொழில், கண் தானாக விளிம்புக்குத்தான் போகும். போன இடத்தில் அவர் பார்த்தது இரண்டு ஊக்குகள். கைத்தையல் விட்டுப்போய் விளிம்பு தொங்க, அதை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். ஊருக்கெல்லாம் பேண்ட் தைத்துக் கொடுத்த வீட்டுப் பெண் எத்தனை நாளாக இப்படிப் பள்ளிக்கூடம் போகிறாளோ. பந்து நாற்காலிகளுக்கு நடுவே போய்ச் சுவரில் மோதியது.

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். மகள் பள்ளிக்குப் போனதும் பொம்மையை நடுவில் நிறுத்தி, அதன் காலடியில் பந்தை வைத்து, தனியாகப் பழகுவது. பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பு, கணுக்காலை இறுக்கு, உள்பாதத்தால் பந்தின் நடுவில் அழுத்து. டெய்லர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். பந்து மட்டும் அசையவில்லை. பொம்மை சாய்ந்தது, நாற்காலி மேல் விழுந்தது, கால் முறிந்தது.

டெய்லர் முறிந்த துண்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு பசை தடவி, ஆணி அடித்து நிறுத்தினார். நின்றது. ஆனால் அந்தக் கால் இரண்டு விரற்கடை குட்டை. சரி, மற்ற மூன்றையும் அதே அளவுக்கு அறுத்துவிடலாம் என்று ரம்பத்தை எடுத்தார். அறுத்ததும் இடதுபக்கம் ஆடியது. இடதை அறுத்தார், வலதுபக்கம் ஆடியது. துணியில் தப்பாக வெட்டினால் உள்ளே விட்ட அரை அங்குலம் காப்பாற்றும். மரத்தில் உள்ளே விட்டது என்று ஒன்றும் இல்லை. நாற்காலி ஆடாமல் நின்றபோது முழங்காலுக்குக் கீழே நின்றது.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு நர்ஸ். இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவள்.

"டெய்லரண்ணே, ஏழு மாசமா மேல ஆள் இருக்கற சத்தமே இல்ல. இன்னிக்கு என்ன, வீட்டையே இடிக்கறீங்களா?"

பந்து பறிக்கப் பழகுகிறேன் என்றார் டெய்லர். நர்ஸ் அவரையும், பொம்மையையும், நாற்காலி என்று சொல்லக்கூடியதையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவதற்காக ஏறி வந்தவள், எதனாலோ திட்டாமல், தரையில் எதையாவது விரித்துக்கொண்டு ஆடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சொன்ன பேச்சைக் கேட்டதுதான் தப்பு. கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வழவழப்பான லைனிங் துணிதான் கைக்குக் கிடைத்தது. அதை நான்காக மடித்து விரித்து, அதன் மேல் நின்று, முன்பாதத்தில் பாரத்தைப் போட்டார். துணி ஒரு பக்கம் போனது, டெய்லர் ஒரு பக்கம் போனார். மறுபடி படியேறி வந்த நர்ஸ் அவருடைய கணுக்காலைத் திருப்பிப் பார்த்து, சுளுக்குதான் என்று கட்டுப் போட்டாள். நூலுவிடம் சொல்லிவிடாதே என்று டெய்லர் கெஞ்சினார். அடிபட்டது தெரிந்தால் அவள் பயிற்சியை நிறுத்திவிடுவாள், அணியில் இடம் போய்விடும்.

கட்டு வெளியே தெரிந்தது. மறைக்க வேண்டுமானால் அவருடைய பேண்ட்டை நீளமாக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தார். உள்ளே பாபினில் சாம்பல் நிற நூல் பாதிக்கு மேல் சுற்றியிருந்தது. மனைவி சுற்றி வைத்தது. கடைசியாகச் சுற்றியது. அதைப் பார்த்ததும் டெய்லருக்கு அழுகை வந்தது. ஏழு மாதமாக வராதது, அப்படி ஒரு அழுகை. அந்த நூலைத் தன் பேண்ட்டுக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. பாபினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கட்டு வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

மாலையில் நூலு வந்தாள். முதலில் கட்டைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்தாள். அவள் மெதுவாகப் போய் அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிப் பார்த்தாள்.

"ஷூ போட உயரம் சரியா இருக்குப்பா" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மாவின் நாற்காலியைக் கெடுத்துவிட்டேன், குழந்தை அழுகிறாள் என்று டெய்லர் நினைத்தார்.

என்ன செய்வது என்று தெரியாமல், "அந்தப் பேண்ட்ட மாத்திட்டுக் குடு" என்றார்.

டேப்பை எடுத்து அளந்தார். இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தாள். உள்ளே மடித்திருந்ததைப் பிரித்து விட்டு, பாபினைப் பையிலிருந்து எடுத்தார். அதிலிருந்த நூலை ஊசியில் கோத்து, மனைவி போடுகிற மாதிரியே சின்னச் சின்னத் தையலாக, இரண்டு கால் விளிம்பையும் கையால் தைத்து முடித்தார். பாபினில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். விளிம்பில் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை, எனவே டெய்லர் பந்தைப் பார்த்தார். காலில் கட்டு இருந்ததால் பாயவும் முடியவில்லை. நாலாம் பாடமும் அதைத்தான் சொல்லியிருந்தது: பாயாதே, வழியை மறித்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே இரு, எதிராளி பந்தைத் தன் காலைவிட்டு ஒரு எட்டு அதிகமாகத் தள்ளும் நேரம் வரும், அப்போது கால் வை. நூலு தோளை ஆட்டினாள். அவர் அசையவில்லை. மறுபடி ஆட்டினாள். பந்து ஒரு சாண் தள்ளி உருண்டது. டெய்லர் கணுக்காலை இறுக்கிக்கொண்டு கால் வைத்தார். வலித்தது. பந்து அவரிடம் இருந்தது.

"நானா விட்டுக் குடுத்தேன்னு நெனைக்காதீங்கப்பா. நெஜமாவே பறிச்சிட்டீங்க" என்றாள் நூலு.

பத்தாவது பந்தைப் பறித்தபோது கீழ்வீட்டிலிருந்து நர்ஸ் விட்டத்தை இரண்டு முறை தட்டினாள். கோபமா, கைத்தட்டலா என்று தெரியவில்லை. டெய்லர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை, தேர்வைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நூலு மூன்றரைக்கே கிளம்பிப் போனாள். நோட்டைக் கத்தரி மேஜை மேலேயே விட்டுவிட்டாள். டெய்லர் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் இன்னொரு பாடம் இருந்தது, அதன் கீழே கையெழுத்து இல்லை. சறுக்கி விழுந்து பந்து பறித்தல். வீட்டுக்குள் வேண்டாம், மைதானத்தில் மட்டும். விழுந்தவர் உடனே எழுந்து நிற்க வேண்டும். மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. ஒரு கையெழுத்துக்காகக் குழந்தை அணியை விட்டு வெளியே நிற்பாளே.

பேனாவைப் பையில் சொருகி, நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனையைத் தாண்டி ஏழு மாதமாகிறது. இஸ்திரி கடைக்காரர் பெட்டியைத் தூக்கியபடியே அவரை வாய் பிளந்து பார்த்தார். நின்று பேச நேரமில்லை. நொண்டி நொண்டிப் பள்ளி மதில் ஓரமாக வந்தபோது, உள்ளே பந்து உதைபடும் சத்தம் கேட்டது. நல்லவேளை, தேர்வு இன்னும் முடியவில்லை.

கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம், பெண்கள் கால்பந்துத் தேர்வு எந்தப் பக்கம் என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"பொண்ணுங்க டீமா? அதக் கலைச்சு ஆறு மாசமாச்சே சார். கோச்சும் வேலைய விட்டுப் போயிட்டார்."

உள்ளே பந்துச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் ஆடுவது யார் என்று டெய்லர் கேட்டார். ஒரே ஒரு பெண்தான், தினமும் மாலையில் வந்து தனியாகச் சுவரில் உதைத்துக்கொண்டிருக்கும், பாவம் என்று கேட்டைத் திறந்து விடுவேன் என்றார் வாட்ச்மேன்.

டெய்லர் நோட்டை நீட்டினார். வாட்ச்மேன் வாங்கிப் பார்த்ததும், இது அந்தப் பெண் என் அறையில் உட்கார்ந்து எழுதியதாயிற்றே என்றார். விளையாட்டு அறையில் கிடந்த பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதியதாம். சவரமும் சாப்பாடும் மட்டும் அந்தப் பெண்ணே சேர்த்துக்கொண்டதாம். சொல்லிக்கொண்டே வந்தவர், கையெழுத்துகளைப் பார்த்து நிறுத்தினார். டெய்லரின் கால் கட்டைப் பார்த்தார். செருப்பில் ஒட்டியிருந்த தெருப் புழுதியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த அப்பா நீங்கதானா? நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டீங்களா சார்?"