கோணியூசி இன்ஸ்பெக்டர் பிடித்த ஒரே கேஸ்

அந்த நாளில் எங்கள் வட ஆற்காடு ஜில்லாவில் அவர் ஊசி குத்தாத பொருளே கிடையாது. தலையணை, பன், பலாப்பழம், கல்யாணச் சீர் மெத்தை, எதிலாவது பொத்தல் இருந்தால் கோணியூசி இன்ஸ்பெக்டர் அந்த வழியாகப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் இருந்த ஒரு சின்ன சுங்க ஆபீசில் நான் டைப்பிஸ்ட். கடத்தல் தங்கம் பிடிப்பது அவர் வேலை. மெட்ராஸ் பஸ் எது வந்தாலும் ஏறி, சாக்குத் தைக்கிற நீள ஊசியால் மூட்டைகளைக் குத்துவார். சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போகிறவர்களின் வேண்டுதல் வெல்ல மூட்டையைக் குத்திச் சாபமெல்லாம் வாங்கியிருக்கிறார். நான் கொண்டுபோன கிறிஸ்துமஸ் கேக்கையும் விடவில்லை. குத்தி, ஊசியை நக்கிப் பார்த்து, "திராட்சை கம்மிம்மா" என்றார். இத்தனை குத்தியும் குந்துமணி தங்கம்கூடச் சிக்கவில்லை.

ஒரு கத்திரி வெயிலில் சிக்கியது. பஸ்ஸில் ஆம்பூர் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் கூலி. லுங்கிக்குக் கீழே பளபளவென்று புது பூட்ஸ்.

"இன்னாப்பா இது, லுங்கிக்கு பூட்ஸு?"

"கால்ல ஆணி சார்."

"கழட்டு."

ஹீலில் ஊசி இறங்கவில்லை. 'டிக்' என்றது. பிரித்தால் ஹீலுக்கு இரண்டாக நாலு தங்க பிஸ்கெட், வெளிநாட்டு முத்திரையோடு. இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷன் கண் இருட்டி பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து சீட்டுக் கூஜாவை வாங்கித் தண்ணீர் கொடுத்தவன் ஏழுமலைதான்.

"ஏன்டா, நீ ஓடியிருக்கலாமே?"

"வெறுங்கால்ல எங்க சார் ஓடறது? தார் கொதிக்குது."

ஆபீசுக்கு வந்ததும் ஏழுமலை அழ ஆரம்பித்தான். பொண்டாட்டி நிறைமாசம். வேலூர் லாங் பஜாரில் ஒருவரிடம் பூட்ஸைக் கொடுத்தால் பிரசவச் செலவுக்கு ஆகும் என்று மெட்ராஸில் யாரோ மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. இன்ஸ்பெக்டர் சொந்தச் செலவில் பிரியாணி வாங்கிப் போட்டார். சாப்பிட்டு முடித்து, நடந்ததையெல்லாம் வாக்குமூலமாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான்.

ஜாமீன், வாய்தா என்று கேஸ் இரண்டு வருஷம் இழுத்தது. பஸ்ஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் கோர்ட்டில், "நாங்க தூங்கிகினு இருந்தோம்" என்று கைவிரித்தார்கள். மிஞ்சியது வாக்குமூலம் ஒன்றுதான். மெட்ராஸ்காரர்கள் அமர்த்திய வக்கீல் இன்ஸ்பெக்டரை மடக்கினார்.

"எழுதறதுக்கு முன்னால இவருக்கு ஏதாவது கொடுத்தீங்களா?"

எங்கள் வக்கீல் கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார். கோணியூசி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"பிரியாணி வாங்கிக் குடுத்தேன் சார்."

"ஆஃபா, ஃபுல்லா?"

"ஃபுல்லு. பத்தலைன்னான். இன்னொரு ஆஃப்."

கோர்ட்டே சிரித்தது. "ஆசை காட்டி வாங்கின வாக்குமூலம் செல்லாது" என்று வக்கீல் மேஜையைத் தட்டினார். கோணியூசி வாழ்நாளில் பிடித்த ஒரே கேஸ் கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும், "ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?" என்று நான் பேஜாரோடு கேட்டேன்.

"பசின்னவனுக்கு சோறு போட்டேன். அதை இல்லேன்னு சொல்லச் சொல்றியாம்மா?"

அடுத்த வாய்தாவில் மாஜிஸ்ட்ரேட் ஏழுமலையைக் கேட்டார். 'அடிச்சு எழுத வெச்சாங்க' என்று சொல்லும்படி அவன் வக்கீல் பாடம் பண்ணியிருந்தார். அவன் இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிரியாணிக்காவ எழுதலீங்க. தங்கம் என் பூட்ஸ்லதான் இருந்துச்சு. அவரு வேலைக்கே வேட்டு வர்ற மாதிரி மெய் சொல்றாரு. நான் பொய் சொல்லிட்டு மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

வக்கீல் தலையில் கை வைத்தார். ஏழுமலைக்கு ஆறு மாசம்.

ஜெயித்த மனுஷன் அன்று காபிகூடக் குடிக்கவில்லை. இரண்டு வயசுக் குழந்தையோடு அழுத அவன் பொண்டாட்டியை ஆம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் ஆபீசுக்கு வந்தார். ஒவ்வொரு மாசமும் சாத்துக்குடியோடு ஜெயிலுக்குப் போனார். அவன் வெளியே வந்ததும் கையோடு ஓர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு அழைத்துப்போய் வேலை கேட்டார்.

"யார் சார் இது?" என்றார் முதலாளி.

"நான் ஜெயிலுக்கு அனுப்பின ஆளு. தங்கமான பையன்."

முதலாளி சிரித்த சிரிப்பில் வேலை கிடைத்துவிட்டது.

மறுவருஷம் அவரைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் ரொம்பக் கெட்டிக்காரர், வரிசையாகக் கேஸ் பிடித்தார், மெடல்கூட வாங்கினார். அந்தக் கெட்டிக்காரர் பெயர் என்னவென்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.