வஜ்ரதேகி குனிந்த கதை

குனிந்த வஜ்ரதேகி நிமிரவில்லை.

நிமிரத்தான் பார்த்தார். இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கையறைத் தரையில் போன வாரச் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. அதில் அவர் எழுதிய பத்தி சரியாக மூக்குக்கு நேராக இருந்தது. 'முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுங்கள். எந்த வயதிலும் முடியும்!' கை விரலுக்கும் கால் விரலுக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது. அந்த ஆச்சரியக்குறியைப் போட்டவரும் அவர்தான்.

மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தைத் தேடுறீங்க?"

"தேடல. மாட்டிக்கிட்டேன்."

வஜ்ரதேகி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நாளிதழில் அவர் உதவி ஆசிரியர், வயது ஐம்பதைத் தாண்டியவர், தொப்பை அவருக்கு முன்னால் போய்ச் சேரும். அலுவலகத்தில் மாடி ஏறினால் பாதியில் நின்றுவிடுவார். நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அறிவிப்புகளை மூச்சு திரும்பும்வரை ரொம்ப அக்கறையாகப் படிப்பார். உடற்பயிற்சிப் பத்தி எழுதிக்கொண்டிருந்த விளையாட்டு வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பத்திரிகைக்குப் போய்விட்ட அன்று, ஆசிரியர் தலையை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போது கையில் வேலை இல்லாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான். பத்தியும் புனைபெயரும் இப்படித்தான் வந்து சேர்ந்தன.

வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டுவார், நல்லதாக ஒன்றைப் பிடிப்பார், கம்பீரமான தமிழில் இறக்குவார். பத்திக்குக் கீழே ஒரு மெத்தைக் கடை விளம்பரம் உண்டு. சில வாரம் விளம்பரம் பெருத்துவிடும். அப்போது பத்தியைக் கீழிருந்து வெட்டுவார். முக்கியமானதெல்லாம் மேலே இருக்கும், கீழே இருப்பதை வெட்டலாம் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். வெட்டுப்பட்டது என்ன என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆசிரியருக்கு அந்த யோசனை வரும்வரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பூங்காவில் வஜ்ரதேகி நேரில் தோன்றி வாசகர்களுக்குப் பயிற்சி தருவார் என்று அவரைக் கேட்காமலே முதல் பக்கத்தில் போட்டுவிட்டார். இவர் பதறிக்கொண்டு போய் நின்றார்.

"இது நல்லா நடந்தா உங்க பத்தி வர்ற பக்கம் தப்பிக்கும்," என்றார் ஆசிரியர். "இல்லேன்னா பக்கமே எதுக்கு, அதைப் பாத்துக்கிற ஆள் எதுக்குன்னு மேல கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க."

மகள் இன்னும் கல்லூரியில் இருந்தாள். இந்த வயதில் எந்தப் பத்திரிகை இவரைக் கூப்பிட்டு நாற்காலி போடும்? அதனால்தான் சொந்தப் பத்தியைத் தரையில் விரித்துவைத்துக் குனிந்தார்.

மனைவி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். இடுப்பில் ஒரு சத்தம் கேட்டது. அது அவளுக்கும் கேட்டது. பாதி நிமிர்ந்த நிலையில் அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, அவர் கேட்டுக்கொண்டபடி பழைய பத்திகளின் கோப்பை எடுத்து வந்தாள். 'முதுகுப் பிடிப்பா? கவலையை விடுங்கள்' என்று அவரே எப்போதோ எழுதியிருந்தார். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். கால் பாதி வழியில் நின்றது. மனைவி மீதியைத் தள்ளிக் கொடுத்தாள்.

இப்போது கழுத்தும் இடது பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டது.

"இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று ஆரம்பித்த மனைவி, யார் என்று ஞாபகம் வந்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த தெருவில் எலும்பு, தசை வலிகளுக்குப் பயிற்சி வைத்தியம் செய்யும் டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். மனைவி அங்கே கூட்டிப்போனாள். வரவேற்பில் தொழில் என்ன என்று கேட்டார்கள். பெயர் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, காகித வியாபாரம் என்று சொல்லிவைத்தார்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார இடம் இல்லை. அத்தனை பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் யாரோ சம்மட்டியால் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் எல்லார் முகமும் சேர்ந்து சுருங்கியது. ஊருக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும்படி என்ன நடந்தது, பருவநிலை சரியில்லையோ என்று இவர் யோசித்தார். பக்கத்தில் செருப்புக்கடைக்காரர் ஒருவர் பெஞ்சின் நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். வலிக்கு என்ன காரணம் என்று பேச்சுக் கொடுத்தார் இவர்.

"செவ்வாய்க்கிழமை பேப்பர்ல ஒருத்தர் எழுதுவாரு, வஜ்ரதேகின்னு. கால் விரலைத் தொடச் சொன்னாரு. நான் தொட்டேன்."

வஜ்ரதேகி பெஞ்சிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

"அப்ப தப்பு அந்த ஆள் மேலதான்?" என்றார் தயங்கித் தயங்கி.

"சேச்சே. அவரு உடம்பு இரும்பு. என் உடம்புதான் துருப்பிடிச்சுக் கிடக்கு. இங்க இருக்கிறவங்க எல்லாம் அதேதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல பாத்து சரியாக் கத்துக்கணும். நாங்க எல்லாரும் போறோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இப்படி நம்பினால் மனிதன் என்ன செய்வான்? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள நினைத்தார். கழுத்து ஏற்கெனவே அங்கேதான் திரும்பியிருந்தது.

ஆச்சரியமாக, டாக்டரம்மா அவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டாள். பதமாகப் பிடித்துவிட்டாள். உடம்பைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளாமல் குனிந்தீர்களா, எட்டாததை எட்டுவதற்காக எம்பி எம்பிக் குதித்தீர்களா, வலித்த பிறகும் நிறுத்தவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் ஆமாம் போட்டார்.

"எந்த வயசுலயும் ஆரம்பிக்கலாம் சார். ஆனா கொஞ்சத்துல ஆரம்பிக்கணும்."

"இதை யாரும் எழுதறதே இல்லையேம்மா."

"எழுதியிருப்பாங்க. கட்டுரையோட கடைசியில இருக்கும்," என்றாள் அவள்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, உங்களிடம் போய் வாங்குவேனா என்பதுபோலச் சிரித்து அனுப்பிவிட்டாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெண்ணா என்று அவருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று.

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய், மூலப் பத்திரிகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் கடைசிப் பாராவையும் படித்தார். முதலில் சற்று நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். முதுகுவலி உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. மூச்சை அடக்காதீர்கள். வலித்தால் நிறுத்துங்கள். எல்லாம் அங்கேயே இருந்தது. எல்லாவற்றையும் மெத்தைக் கடைக்குத் தாரைவார்த்திருந்தார். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்யச் சொல்லலாம் என்று ஆசிரியர் அறைக்குள் கோணலாகப் போய் நின்றார். ஏதோ கடினமான ஆசனம் பழகிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்ட ஆசிரியர், முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பாராட்டினார். கத்தக்கூட வழியில்லாமல் இவர் வெளியே வந்தார். மறுநாள் பேப்பரில், கால் விரல் தொடும் பயிற்சியை வஜ்ரதேகியே மேடையில் செய்துகாட்டுவார் என்று கட்டம் கட்டி வந்துவிட்டது.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. மனைவியின் தம்பி ஒல்லியானவன், நீச்சல் சொல்லிக்கொடுப்பவன், உடம்பு நல்ல வாகு. வஜ்ரதேகி என்று அவனை மேடையில் நிறுத்திவிட்டால் ஆசிரியரைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது? அவனும் அக்கா முகத்துக்காக ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"மாமா, ஒத்திகை பாத்துக்கலாம்னு உங்க பழைய பத்தியில ஒண்ணு ரெண்டு செஞ்சு பாத்தேன்," என்றான். குரல் எங்கேயோ கீழேயிருந்து வந்தது. "அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா? நிமிர முடியல."

ஞாயிறு காலை. பூங்காவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முன்வரிசையில் செருப்புக்கடைக்காரர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, முகம் மலர உட்கார்ந்திருந்தார். ஒரு வாரச் சிகிச்சையில் வஜ்ரதேகியின் கழுத்து நேராகியிருந்தது. புகைப்படக்காரர் தரையில் உட்கார்ந்து அவருடைய கால் விரலுக்குக் குறி வைத்திருந்தார். ஆசிரியர் ஒலிபெருக்கியை நீட்டினார்.

பொய் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை மனதுக்குள் தேடினார். இல்லை.

"நான்தான் வஜ்ரதேகி," என்றார். "நல்லாப் பாத்துக்குங்க."

கூட்டம் அவர் தொப்பையைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது.

"நான் என் கால் விரலைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. தொட்டது எப்பன்னு ஞாபகம் இல்ல. நான் எழுதினதை நானே செஞ்சு, ஒரு வாரமா வைத்தியத்துல இருக்கேன். உங்க உடம்பு துருப்பிடிக்கல. நான்தான் முக்கியமானதையெல்லாம் வெட்டிட்டேன். மன்னிச்சிடுங்க. இன்னிக்கு வெட்டினதை மட்டும் சொல்றேன்."

ஆசிரியரின் முகம் வெளுத்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தாள். அது பரவி, பூங்கா முழுவதும் சிரித்தது.

அவர் எல்லாரையும் நின்ற இடத்திலேயே மெதுவாக நடக்கச் சொன்னார். தோளைச் சுழற்றச் சொன்னார். பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும், பேச்சே நின்றுவிட்டால் வேகம் அதிகம் என்றார். பெஞ்சில் உட்கார்ந்து எழவும், மரத்தில் கை ஊன்றித் தள்ளவும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கவும் சொல்லிக்கொடுத்தார். எங்கே வலிக்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒவ்வொன்றையும் முதலில் அவரே செய்தார், அதுவும் எல்லாரையும்விட மோசமாக. அதைப் பார்த்து எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. செருப்புக்கடைக்காரர் முனகாமல் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கை தட்டலைக் கேட்டதும் ஆசிரியருக்கு நிறம் திரும்பியது. ஒலிபெருக்கியைப் பிடுங்கி, அடுத்த வாரம் முதல் பத்தி இரண்டு மடங்காக வரும், எச்சரிக்கையெல்லாம் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் வரும், மெத்தை விளம்பரம் வேறு பக்கத்துக்குப் போகும் என்று அறிவித்தார். வஜ்ரதேகிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பியது என்பதைவிட, பொய் சொல்லாமல் தப்பியது என்பதுதான் அவருக்கு அதிசயமாக இருந்தது.

கூட்டத்தின் பின்னால், மரத்தடியில் டாக்டரம்மா நின்றிருந்தாள். ஓடாமல், உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, நிதானமாக அவளிடம் நடந்து போனார். காகித வியாபாரம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார்.

"முதல் நாளே தெரியும் சார். உங்க வீட்டம்மா வெளிய புலம்பிக்கிட்டிருந்தாங்க," என்றாள். அவள் முகம் வாடியிருந்தது.

கூட்டத்தைச் சமாளித்துச் சமாளித்து அலுத்துப்போயிருக்கிறாள் பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இனிமே கவலையே வேண்டாம்மா. எச்சரிக்கை எல்லாம் மேல வந்திடும். யாருக்கும் இடுப்பு பிடிக்காது. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள்.

"உங்க பத்தியை நம்பித்தான் சார், பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடிச்சு நடுச்சுவரை இடிச்சுக்கிட்டிருக்கேன்."